ஒரு கேட்டுக்கு இரண்டு வண்டி

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்ட பிறகு அந்தக் கதவுப் பட்டறையில் நடுவில் மாட்டிக்கொண்டவள் அண்ணி. ரம்பத்துக்கு இந்தப் பக்கம் அண்ணன் நிற்பார், அந்தப் பக்கம் தம்பி நிற்பான். கையை நீட்டினால் மூக்கைத் தொட்டுவிடலாம். ஆனாலும், "ஆணி டப்பாவ அவன்கிட்ட வாங்கிக் குடு" என்று ஆபீஸ் அறையைப் பார்த்துக் கத்துவார் அண்ணன். "டப்பா காலின்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க அண்ணி" என்று அதே அறையைப் பார்த்துக் கத்துவான் தம்பி. அவள் படியிறங்கி வந்து, தம்பி கையிலிருந்த காலி டப்பாவை வாங்கி, அண்ணன் மூக்குக்கு நேரே கவிழ்த்துக் காட்டிவிட்டு, மறுபடி படியேறிப் போவாள். இப்படி ஏறி இறங்கியதை நேர்க்கோட்டில் நடந்திருந்தால் இந்நேரம் கடல் தாண்டி ஏதாவது ஒரு தேசத்தில் கரையேறியிருப்பாள்.

சண்டைக்குக் காரணம் சொத்து இல்லை, பெண் இல்லை. லாரி.

செய்த கதவையும் ஜன்னலையும் வெளியூருக்கு அனுப்ப வாடகை வண்டி வேண்டும். அண்ணன் புரோக்கர் கட்சி. லாரி பிடித்துத் தரும் அந்தப் புரோக்கருக்கு ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். அவருடைய பெண்டாட்டிக்கே அது நினைவிருக்குமா என்பது சந்தேகம். எல்லாருக்கும் அவர் 'ஆச்சு' அண்ணன். வண்டி கிடைச்சுதா என்றால் ஆச்சு என்பார். கிளம்பிடுச்சா என்றால் ஆச்சு என்பார். உங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்டால்கூட ஆச்சு என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் மாப்பிள்ளை தேடக் கிளம்புகிற பிறவி.

தம்பி ஆப் கட்சி. போனைத் திறந்தால் நாட்டிலுள்ள லாரிகள் எல்லாம் கட்டை விரலுக்குக் கீழே வரிசையில் நிற்கும். வண்டியின் படம், டிரைவரின் முகம், பக்கத்தில் நட்சத்திரம், வாடகை இவ்வளவு என்று அச்சடித்த மாதிரி. பேரம் கிடையாது, "நாளைக்குப் பாப்போம்" கிடையாது. புக் செய்தால் வண்டி ஒரு புள்ளியாக மாறி வரைபடத்தில் ஊர்ந்து வரும். அந்தப் புள்ளியைத் தம்பி பார்க்கிற மாதிரி, பெற்ற பிள்ளை முதல் அடி வைத்தபோதுகூட அவன் பார்த்ததில்லை.

போன முறைக்கு முந்தின முறை புரோக்கர் அனுப்பிய வண்டியில், அதற்கு முந்தின நாள்தான் கருவாடு போயிருந்தது. ஜன்னல் வாங்கிய வீட்டுக்காரர் நாற்றம் வெளியே போகட்டும் என்று ஜன்னல் அத்தனையையும் திறந்து வைத்தார். நாற்றமே ஜன்னலில் இருந்ததால் அது வீட்டைவிட்டுப் போகவில்லை. பூனைகள்தான் வந்தன. போன முறை தம்பி ஆப்பில் பிடித்த வண்டி சொன்ன நேரத்துக்கு வாசலில் நின்றது. நட்சத்திரம் வானத்தில் இருப்பதைவிட அதன் பெயருக்குப் பக்கத்தில்தான் அதிகம். ஆனால் அது ஐஸ்கிரீம் ஏற்றுகிற குளிர் வண்டி. குளிரை நிறுத்த டிரைவருக்குத் தெரியவில்லையோ, மனசுதான் வரவில்லையோ, கதவுகள் விறைத்துப்போய் இறங்கின. அங்கேயிருந்த கட்டட வேலையாட்கள் மத்தியானம் முழுக்க அவற்றின்மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்து நின்றார்களே தவிர, ஒருவரும் மாட்டவில்லை.

அன்றைக்குப் பட்டறையில் பறந்த வார்த்தைகளில் இழைப்புளிக்கே கூர் மழுங்கியிருக்கும். கடைசியில் அண்ணன், "இனிமே லாரி விஷயத்த நீயே பாத்துக்கோ" என்று பெண்டாட்டியிடம் சொன்னார். தம்பியும், "அண்ணியே பாத்துக்கட்டும்" என்றான். இரண்டு பேரும் ஒத்துப்போன கடைசி விஷயம் அதுதான். அதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்து, அந்த வளையத்துக்கு ஒரு வளையமும் வந்துவிட்டது.

இப்போது ஆஸ்பத்திரிக் கதவு.

எங்கேயோ தொலைவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருந்தது. அதன் அத்தனை வார்டுக்கும் கதவு செய்யும் வேலை இந்தப் பட்டறைக்கு வந்தது. நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற அகலம். அந்த அகலத்தில் கதவு வைத்து வீடு கட்டுகிறவன் யானை வளர்க்கிறவனாகத்தான் இருக்க வேண்டும். அதாவது, ஆஸ்பத்திரிக்காரன் வேண்டாம் என்றால் இந்த உலகத்தில் அந்தக் கதவை வாங்க இன்னொரு ஆள் கிடையாது. கையிலிருந்த மரம், வாங்கிய மரம், கடன் சொன்ன மரம் எல்லாமே அந்தக் கதவுகளுக்குள் போயிருந்தன. அவை போய்ச் சேராவிட்டால் பட்டறையில் ஓடுவதற்கு ரம்பம் இருக்கும், அறுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

அன்று காலையில் கட்டட காண்ட்ராக்டர் போன் செய்தார். நல்ல மனுஷர், கெட்ட சேதியைக்கூட நலம் விசாரித்துவிட்டுத்தான் சொல்வார்.

"சௌக்கியமா இருக்கீங்களாம்மா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா? நாளைக்குக் காலையில கதவு இங்க இருக்கணும். இல்லன்னா இரும்புக் கதவுக்காரன் வாசல்லயே நிக்கிறான், அவன உள்ள விட்டுடுவேன். உடம்பப் பாத்துக்குங்கம்மா."

போனை வைத்தாள். அந்த ஊருக்கு ராத்திரி முழுக்க ஓட வேண்டும். பொழுது சாய்வதற்குள் வண்டி கேட்டைத் தாண்டினால்தான் உண்டு.

முதலில் புரோக்கரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரி லோடு. சாயங்காலத்துக்குள்ள வண்டி கிளம்பணும். திறந்த வண்டி, நீளமான வண்டி, கருவாடு ஏத்தாத வண்டி."

"ஆஆச்சு தங்கச்சி."

"இன்னும் எந்த ஊருக்குன்னே நான் சொல்லல."

"அதுவும் ஆஆச்சு."

அவருடைய ஆச்சுகளை அண்ணி கரைத்துக் குடித்திருந்தாள். இழுத்துச் சொன்னால் மனுஷன் இன்னும் படுக்கையை விட்டே எழவில்லை. அடுக்கி அடுக்கிச் சொன்னால் யாரையோ கேட்டிருக்கிறார், அவன் முடியாது என்றுவிட்டான். சுரத்தே இல்லாமல், கொட்டாவியோடு, ஒரே வெட்டாகச் சொன்னால் மட்டும் வண்டி நிஜமாகவே ரோட்டில் இருக்கிறது. இந்த ஞானத்துக்குப் பட்டம் கொடுப்பதாக இருந்தால் அவள் டாக்டராகியிருப்பாள்.

இது இழுத்த ஆச்சு. நம்பி உட்கார முடியாது. தம்பியிடம் போனை வாங்கி ஆப்பைத் திறந்தாள். திறந்த வண்டி, முன்பக்கம் பச்சை பெயிண்ட் அடித்த 'பச்சைத் தலை', கிட்டத்தில்தான் காலியாக நிற்கிறது. மீசை வைத்த டிரைவர் ஒருவர் உலகத்தையே மன்னித்துவிட்ட முகத்தோடு படத்தில் இருந்தார். அழுத்தினாள். புள்ளி நகர ஆரம்பித்தது.

"பாத்தீங்களா அண்ணி! ஒரு போன் இல்ல, ஒரு கெஞ்சல் இல்ல" என்றான் தம்பி. "இதத்தான் சிலருக்கு எத்தன தடவ சொன்னாலும் ஏறாது."

அந்தச் 'சிலர்' ரம்பத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் கொடுத்தார்: "புள்ளிக்கு வாய் இருக்கான்னு கேளு. நடுரோட்ல டயர் வெடிச்சா புள்ளி வந்து ஜாக்கி போடுமான்னு கேளு."

"நீங்களே கேட்டுக்குங்க, பக்கத்துலதான நிக்கிறான்" என்றாள்.

கேட்கவில்லை. ரம்பம்தான் ஓடியது.

மத்தியானம் ஏறியது. மரத்தூள் பறந்து டீயில் விழுந்து, ஆடை போல மிதந்தது. அவள் அதை ஊதிவிட்டுக் குடித்தாள். இந்த வருஷத்தில் அவள் வயிற்றுக்குள் போன தூளைக் குவித்தால் ஒரு ஸ்டூலுக்கு ஆகும். வரைபடத்தைப் பார்த்தாள். புள்ளி பெரிய முச்சந்தியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தாள். நின்றது. தட்டிப் பார்த்தாள், போனைக் குலுக்கிப் பார்த்தாள். முச்சந்தியில் சிலை வைத்த மாதிரி அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்து, வழக்கத்துக்கு மாறாக, புரோக்கரே கூப்பிட்டார்.

"தங்கச்சி."

"சொல்லுங்கண்ணே. வண்டி?"

"ஆச்சு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுரத்து இல்லை. கொட்டாவி இருந்தது. ஒரே வெட்டு.

"நிஜமாவா அண்ணே?"

"ரோட்ல வந்துட்டே இருக்கு. நீ ஏத்துற ஆளுங்களத் தயார் பண்ணு." வைத்துவிட்டார்.

இப்போது வேறு பயம் பிடித்தது. ஒரு லோடுக்கு இரண்டு வண்டி! லாரித் தொழிலில் எதை மன்னித்தாலும் இதை மன்னிக்க மாட்டார்கள். கேட் வரைக்கும் வந்த வண்டியை வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்பினால், அந்தச் சேதி டிரைவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். டீக்கடைக்கு டீக்கடை, பெட்ரோல் பங்குக்குப் பங்க் பரவி, அந்தக் கேட்டுக்கு அடுத்த ஜென்மத்தில்கூட ஒருவனும் வரமாட்டான். வழியிலேயே வேண்டாம் என்று சொன்னால் வெறும் கோபத்தோடு முடிந்துவிடும். ஆகவே ஒன்றை, அது வாசலுக்கு வருமுன், நிறுத்தியாக வேண்டும்.

எதை?

ஒரு பக்கம் சொரணையில்லாமல் முச்சந்தியில் நிற்கிற புள்ளி. இன்னொரு பக்கம், இத்தனை வருஷத்தில் பொய்யாகாத கொட்டாவி. புரோக்கரை வேண்டாம் என்றால் புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், ஆப்பை வேண்டாம் என்றால் கொழுந்தன் சாப்பிட வரமாட்டான். அதையெல்லாம் அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. களைத்த மனுஷிக்கு நியாயம் தெரியாது, தெரிந்த குரல்தான் தெரியும். ஆப்பில் 'கேன்சல்' என்றிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

'நிச்சயமாகவா?' என்று கேட்டது ஆப். கல்யாணத்தின்போதுகூட யாரும் அவளை இந்தக் கேள்வி கேட்டதில்லை. ஒரு கணம் நெகிழ்ந்துபோனாள். பிறகு, ஆமாம் என்று அழுத்தினாள்.

புள்ளி மறைந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். இமை ஒன்றோடொன்று தொட்டதோ இல்லையோ, போன் அலறியது.

"தங்கச்சி! வண்டிய ஏன் திருப்பி விட்ட? டிரைவர் இப்ப போன் பண்றான்!" புரோக்கர். கொட்டாவி போன இடம் தெரியவில்லை.

"எந்த வண்டிய அண்ணே?"

"நம்ம வண்டிய!"

"நம்ம வண்டிய நான் ஒண்ணும் பண்ணலயே. நான் நிறுத்தினது ஆப் வண்டி."

அந்தப் பக்கம் புரோக்கர் இருமினார், செருமினார். ஆச்சு என்கிற சொல் மட்டும் வரவில்லை.

"அண்ணே," என்றாள் மெதுவாக, "உங்க வண்டிக்குத் தலை என்ன கலரு?"

"வண்டின்னா பல கலரும் இருக்கும் தங்கச்சி..."

"அண்ணே."

"பச்ச."

"டிரைவருக்கு மீசை இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினாள். விஷயம் இதுதான். ஆச்சு அண்ணனுடைய பழைய லாரிக்காரர்கள் பாதிப் பேர் வண்டியை விற்றுவிட்டார்கள், மீதிப் பேர் ஆப்புக்குப் போய்விட்டார்கள். அவருடைய மகள் அதே ஆப்பை அவர் போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கொஞ்ச காலமாகவே அவர் அதில்தான் வண்டி தேடி, டிரைவரைப் பிடித்து, தன் வண்டி என்று அனுப்பிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கும் தேடினார். பச்சைத் தலை கிட்டத்தில் நின்றது. டிரைவர் பழைய பழக்கம், நம்பர் கையில் இருந்தது. அவரைக் கூப்பிட்டு, கதவுப் பட்டறைக்கு வா என்றார். "அங்கதாங்க போயிட்டிருக்கேன்" என்றார் டிரைவர். ஆச்சு அண்ணனுக்கு வேலை மிச்சம். யார் பிடித்து வந்தால் என்ன, வண்டி வருகிறது அல்லவா? அத்தனை நிம்மதியோடு அவர் விட்டதுதான் அந்தக் கொட்டாவி. கொட்டாவி பொய் சொல்லவே இல்லை. அவளும் அதைச் சரியாகத்தான் படித்தாள். சரியாகப் படித்து, ஒரே வண்டியை ஒரு கையால் பிடித்து இன்னொரு கையால் தள்ளிவிட்டாள்.

"உங்களுக்கே இது நல்லா இருக்காண்ணே?"

"எல்லா வண்டியும் அதே ரோட்லதான ஓடுது தங்கச்சி" என்றார் அவர், ரொம்பவும் நொந்துபோய்.

ஆப்பைத் திறந்து பச்சைத் தலையை மறுபடி கூப்பிட்டாள். 'நீங்கள் ரத்து செய்த வண்டியை இன்று மீண்டும் பதிவு செய்ய இயலாது' என்றது, சற்று முன் காட்டிய குழைவெல்லாம் இல்லாமல். வேறு வண்டிகள்? ஒரு வண்டி இரண்டு ஊர் தள்ளி நின்றது. இன்னொன்று தண்ணீர் டாங்கர். கிட்டத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, படத்தைப் பெரிதாக்கினாள். ஐஸ்கிரீம் வண்டி. நட்சத்திரம் இன்னும் கூடியிருந்தது.

புரோக்கரை மறுபடி கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த டிரைவர் நம்பர் குடுங்க."

"என்ன தங்கச்சி கேட்டுட்ட!" என்று பதறினார். புரோக்கரிடம் டிரைவர் நம்பரைக் கேட்பது, சமையற்காரனிடம் கையைக் கேட்பது மாதிரி. "என் வீட்டுச் சாவியக் கேளு, தரேன். ரத்தம் கேளு, பாட்டில்ல பிடிச்சுத் தரேன். நம்பர் மட்டும் கேக்காத."

"அப்ப சரி. இங்க ஒருத்தரு உங்கள சாமி மாதிரி நெனச்சுட்டிருக்காரு. சாமி எந்தக் கடையில வண்டி வாங்குதுன்னு அவருகிட்ட சொல்லிடவா?"

ஆச்சு அண்ணன் நம்பரைச் சொன்னார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பல்லைப் பிடுங்கினால் எப்படிச் சொல்வாரோ, அப்படிச் சொன்னார்.

போன் நெடுநேரம் அடித்தது. எடுத்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"யாரு?"

"உங்கள கேன்சல் பண்ணினவ."

"நல்லதுக்கா. ரொம்ப நல்லது. முச்சந்தியிலயே கண்ணு சொக்கி ஓரங்கட்டினேன். நீங்க கேன்சல் பண்ணினதும் கொஞ்சம் தள்ளி மரத்தடியில போட்டுட்டேன். இப்பதான் தூக்கம் வந்துச்சு, நீங்க வந்துட்டீங்க."

"திரும்பி வர முடியுமா?"

"முடியாதுக்கா." கோபமே இல்லாமல் சொன்னார். "ஒரே கேட்டுக்கு ரெண்டு பேரு கூப்பிட்டீங்க. ஒருத்தர் வான்னாரு, ஒருத்தர் வராதன்னாங்க. அங்க யாரு மொதலாளின்னே தெரியல. அதுவும் போக, ராத்திரி நேத்தும் ஓட்டம், முந்தா நேத்தும் ஓட்டம். வண்டியப் பிடிச்சா ஸ்டியரிங் எது, தலகாணி எதுன்னு தெரியல."

கெஞ்ச வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி, இரும்புக் கதவுக்காரன், பட்டறை என்று எல்லாம் சொல்ல வேண்டும். ஆனால் கெஞ்சுவதற்கும் தெம்பு வேண்டுமே. வாய்க்கு வந்தது வேறு.

"எனக்கும் அப்படித்தாங்க இருக்கு" என்றாள். "இங்க வந்து தூங்குறீங்களா?"

"என்னது?"

"மரத்தடியில எதுக்கு? இங்க வந்து படுங்க. ஏத்துறது, கட்டுறது, தார்ப்பாய் போடுறது எல்லாம் எங்க பாடு. நீங்க கூட நிக்க வேணாம், எண்ண வேணாம். நீங்களா எந்திரிக்கிற வரைக்கும் ஒரு ஆள் உங்கள எழுப்ப மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

லோடு ஏற்றும்போது டிரைவரைத் தூங்கவிடுகிற இடம் பூமியில் உண்டா? எல்லா இடத்திலும் அவரைக் கூப்பிட்டுக் கயிறு பிடிக்கச் சொல்வார்கள், பின்னால் எடு என்பார்கள், முன்னால் எடு என்பார்கள், கையெழுத்துப் போடு என்பார்கள்.

"படுக்க என்னக்கா இருக்கு அங்க?"

"மெத்தையெல்லாம் இல்லங்க. கதவு இருக்கு. கட்டிலவிட அகலம்."

பச்சைத் தலை கேட்டுக்குள் நுழைந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. டிரைவர் சாவியை அவள் கையில் கொடுத்தார். பாலிஷ் அறைக்குப் பக்கத்தில், நிழலில், நாலு கால் மரத்தாங்கிகளின் மேல் படுக்க வைத்திருந்த ஒரு கதவைக் காட்டினாள். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்தார், அவ்வளவுதான். அவர் தூங்கிப்போன வேகத்துக்கு நட்சத்திரம் கொடுப்பதாக இருந்தால் வானம் காலியாகிவிடும். குறட்டை கேட்டு ரம்பம் வெட்கப்பட்டு நின்றது. அண்ணன்தான் நிறுத்தினார் என்று சொல்பவர்களும் உண்டு.

"யாரோட வண்டி இது?" என்றார் அண்ணன். "நம்மாளு அனுப்பினதா?"

"நம்ம புள்ளி மாதிரி இருக்கே அண்ணி" என்றான் தம்பி.

"மொதல்ல ஏத்துங்க" என்றாள்.

ஏற்றினார்கள். பட்டறை ஆட்கள் இரண்டு பேர் கீழே, சகோதரர்கள் மேலே. கதவுக்கும் கதவுக்கும் நடுவில் பழைய கோணி, முனைக்கு அட்டை. சாவி அவளிடம் இருந்ததால் வண்டியை முன்னும் பின்னும் எடுக்கச் சொல்லி யாரும் கத்தவில்லை. ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் சுவரெல்லாம் காலியாகிப் பட்டறை சட்டை கழற்றிய ஆள் மாதிரி நின்றது. பட்டறை ஆட்கள் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு கதவு பாக்கி. அதன்மேல் டிரைவர்.

"எழுப்பு" என்றார் அண்ணன்.

"எழுப்பக் கூடாது."

"பொழுது போகுதும்மா!"

"சொல் குடுத்திருக்கேன். இவரு தூங்காம இந்த ரோட்ல நம்ம கதவோட போனா, கதவு ஆஸ்பத்திரிக்குப் போகாது. இவருதான் போவாரு." அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, காவலுக்கு நிற்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு கதவ விட்டுட்டு அனுப்பலாமே அண்ணி?"

"ஒரு வார்டுக்குக் கதவில்லன்னா அந்த வார்டுல உன்னயா நிக்க வெக்கிறது?"

வானம் சிவந்து, சிவப்பும் வடிந்துகொண்டிருந்தது. டிரைவர் புரண்டு படுத்தார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள். குறட்டை புது ராகத்தில் ஆரம்பித்தது. ஒரு குருவி உள்ளே வந்து அதைக் கேட்டுவிட்டு வெளியே போயிற்று. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். அவளோ ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண் செருகி, தலையை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டிருந்தாள். இப்போது எழுப்பக் கூடாதவர்கள் இரண்டு பேர் ஆனார்கள். நடுவில் நின்று சேதி சொல்ல ஆள் இல்லை.

வேறு வழியில்லாமல், தொண்டைக்குள்ளேயே அண்ணன் சொன்னார்: "டேய். அந்தப் பக்கம் பிடி."

"என்னது?"

"கதவோட தூக்குவோம். நோயாளியத் தூக்குற கதவுதான?"

"எந்திரிச்சுட்டா?"

"எந்திரிச்சா நல்லதுதானடா முட்டாள். பிடி."

தூக்கினார்கள். ஆளும் கதவும் சேர்ந்து ஒரு சின்ன கப்பல் கனம். "மெதுவா." "நீ மெதுவா." "தலைய இடிச்சுடாத." "என் தலையா, அவர் தலையா?" "உன் தலையில என்னடா இருக்கு இடிக்க." அந்தச் சண்டையை அவர்கள் மாசக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார்கள், அத்தனையையும் கிசுகிசுப்பிலேயே போட்டுத் தீர்த்துக்கொண்டு பட்டறையைக் கடந்தார்கள். கருவாடு வந்தது, ஐஸ்கிரீம் வந்தது, சின்ன வயதில் உடைந்த ஒரு சைக்கிள்கூட வந்தது. டிரைவர் ராஜாவைப் போல மிதந்து போய், வண்டியின் பின் விளிம்பில் கதவின் ஒரு முனை ஏறியதும் சறுக்கி, கண் விழித்தார். வானத்தைப் பார்த்தார். தன்னைத் தூக்கிக்கொண்டு வியர்த்து வழியும் இரண்டு முகங்களைப் பார்த்தார்.

"நான் செத்துட்டேனா?"

"இல்லங்க" என்றான் தம்பி. "நீங்கதான் கடைசி லோடு."

டிரைவர் இறங்கி முகம் கழுவினார். கண் வெள்ளையாக, தெளிவாக இருந்தது. கயிற்றை ஒரு சுற்று இழுத்துப் பார்த்து, "நல்லாதான் கட்டியிருக்கீங்க" என்றார், ஆச்சரியத்தை மறைக்காமல். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் பச்சைத் தலை கேட்டைத் தாண்டியது. அண்ணன் பெண்டாட்டியை எழுப்பப் போனார். தம்பி அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

மறுநாள் காலை காண்ட்ராக்டர் கூப்பிட்டார். அண்ணி ஆபீஸ் அறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு மேஜையில் முழங்கையை ஊன்றியிருந்தாள். சகோதரர்கள் இருவரும் வாசற்படியில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சௌக்கியமாம்மா? கதவு வந்துடுச்சு. எல்லாம் சரியா இருக்கு. இரும்புக்காரன அனுப்பிட்டேன். அடுத்து ஜன்னலும் நீங்கதான் செய்யறீங்க. சொன்ன நாளுக்கு இதே மாதிரி இங்க கொண்டுவந்து இறக்கிடுங்க."

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். இந்த வாயிலிருந்து புரோக்கர் வரப்போகிறார், அந்த வாயிலிருந்து ஆப் வரப்போகிறது. அவள் கையை உயர்த்தி இரண்டையும் நிறுத்தினாள்.

"ஜன்னல் செஞ்சு கேட்டுக்குள்ள அடுக்கி வெக்கிறது எங்க பொறுப்பு சார்" என்றாள். "வண்டி நீங்க அனுப்புங்க. வெலையில வாடகையக் கழிச்சுக்குங்க."

"நானாம்மா?" என்றார் காண்ட்ராக்டர். "சரி, அதனால என்ன. பாத்துக்கலாம். ஆமா, வண்டிக்கு நீங்க யாரப் பிடிக்கிறீங்க? இங்க என் மச்சான் ஒருத்தன் ஏதோ ஆப்புங்கிறான். என் பங்காளிக்குத் தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தர் இருக்காராம். ரெண்டு பேரும் காலையிலேர்ந்து ஒரே சண்டை. எதும்மா நல்லது?"

அண்ணி ஜன்னலுக்கு வெளியே கேட்டைப் பார்த்தாள். ஒரு வண்டியும் இல்லை. எத்தனை அழகாக இருந்தது அந்தக் கேட்!

"ரெண்டுமே நல்லதுதான் சார்" என்றாள். "ஆனா முடிவ மட்டும் உங்க வீட்ல இருக்கிற பொம்பள யாரு தலையிலயும் கட்டிடாதீங்க."

போனை வைத்துவிட்டு, வாசற்படியில் நின்ற இருவரையும் விலக்கிக்கொண்டு, தூங்குவதற்காக வீட்டுக்கு நடந்தாள்.